ஆறில்லாத சீமையில் எது பழையது?

"மதுரைக்கு வைகை, திருச்சிக்குக் காவிரி, நெல்லைக்குத் தாமிரபரணி என்று நம்முடைய பழைய ஊர்கள் எல்லாம் ஆற்றங்கரையில் இருக்கின்றன. கரையோரம் நடந்தாலே கோயில், படித்துறை, சத்திரம், மடம் என்று அந்த ஊரின் வயது தெரிந்துவிடுகிறது. செட்டிநாட்டில் ஆறே இல்லையே, அங்கே மிகப் பழையதாக இன்றைக்கும் நிற்பது எது? பெரிய வீடுகளைத் தவிர வேறு என்ன பார்க்கலாம்? இரண்டு நாள் வருகிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், ஊர். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படங்களில் பார்த்த பெரிய வீடுகள்தான் இங்கே வயதில் கடைக்குட்டி. பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குள், ஒரு 100 ஆண்டுக் காலத்தில் எழுந்தவை. பாறையில் வெட்டிய எழுத்துகள் அவற்றைவிட ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு மூத்தவை. ஊருணி வெட்டும் பழக்கமும் வீடுகளுக்கு வெகுகாலம் முந்தியது. ஆனால் என்னைக் கேட்டால், இங்கே அசையாமல் நிற்பது கல் இல்லை. ஒன்பது கோயில்களைச் சுற்றி எங்கள் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடுதான். கட்டடங்களை இடித்திருக்கிறார்கள், திரும்பக் கட்டியிருக்கிறார்கள், விற்றும் இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை மட்டும் யாரும் விடவில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் கேள்வியே அங்கிருந்துதான் வருகிறது. ஆறு அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாம் இந்தச் சீமையில் ஓடுகின்றவைதாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் சில நாள் ஓடும். மற்ற மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆற்றை நம்பி ஊர் வைக்க முடியாத மண் இது. அதனால் பெய்கிற மழையை நம்பி ஊர் வைத்தார்கள்.

செட்டிநாட்டு ஊர் ஒன்றின் தெருவில் மழை நேரத்தில் நின்று பாருங்கள். ஓட்டுக் கூரையில் விழும் தண்ணீர் முதலில் வீட்டுக்குள் இருக்கும் வளவில், அதாவது திறந்த முற்றத்தில், இறங்கும். அங்கே வேண்டியதை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொண்டது போக, மிச்சம் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வரும். தெருக்கள் நேர்கோடாக, கட்டம் போட்டது போல இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த வாட்டத்தில் தண்ணீர் தானாக ஓடிப் போய் ஊருணியில் சேரும். ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டலில் பெய்கிற மழைக்குத் தனியாக வரத்துக்கால் இருக்கும். ஊருணி நிறைந்தால் உபரி அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. வள்ளுவர் பெரிய அறிவுடையவனின் செல்வத்துக்கு உவமை சொல்ல எடுத்துக்கொண்டது இதைத்தான். அவ்வளவு பழைய சொல்.

எங்கள் ஊர் ஊருணி நாலு பக்கமும் செம்புராங்கல் படி வைத்தது. கரையில் ஒரு பிள்ளையார், ஓர் அரசமரம். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது. குளிக்க, துவைக்க வேறு குளம். என் அப்பத்தா விடியற்காலையில் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகக் கொண்டுவருவார். தண்ணீர் சற்றுக் கலங்கலாக, நீர்மோர் நிறத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உள்பக்கத்தில் வட்டமாக உரைப்பார். பானைக்குப் பானை பத்துச் சுற்று. பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிடுவார். சாயங்காலம் திறந்தால் வண்டல் முழுவதும் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். அந்த ருசியை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி இதே மாதிரிதான் சொல்வார்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. எல்லா ஊருணியும் எல்லாருக்கும் திறந்திருந்த காலம் இல்லை. யார் எந்தப் படியில் இறங்கலாம் என்பதற்குச் சாதி பார்த்தார்கள். வெட்டியவர்களின் பிள்ளைகளே கரையில் நின்று கேட்டு வாங்க வேண்டியிருந்த ஊர்களும் உண்டு. படித்துறையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தேவகோட்டையில் சிலம்பணி ஊருணியையும் கருதா ஊருணியையும் போய்ப் பாருங்கள். சின்ன ஊர்களில் இன்னும் நல்ல ஊருணிகள் இருக்கின்றன. சிலவற்றில் வரத்துக்காலை மறித்து மனை போட்டுவிட்டதால் கோடையில் தரை தெரிகிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடுகிற நாங்கள் வரத்துக்காலைத் தூர்வாரவும் ஆள் தேட வேண்டும். ஊர்க் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இனி பாறைக்கு வருவோம். திருப்பத்தூர் வட்டத்தில் பூலாங்குறிச்சி என்று ஓர் ஊர். அங்கே குன்றின் சரிவில், பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தின் தொடக்க வடிவத்தில் நீளமான கல்வெட்டு இருக்கிறது. கோச்சேந்தன் கூற்றன் என்ற அரசனின் காலத்தது. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது என்று பெரும்பாலான அறிஞர்கள் கணிக்கிறார்கள். தமிழ்நாட்டு வரலாற்றில் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம் அல்லவா? அந்தக் காலத்தில் தேவகுலம், அதாவது கோயில், எடுத்த செய்தியை இந்தப் பாறை பேசுகிறது. இவ்வளவு பெரிய சான்றைப் பார்க்க வருபவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

பிள்ளையார்பட்டிக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. கற்பக விநாயகர் மலையைக் குடைந்து அந்தப் பாறையிலேயே செதுக்கிய உருவம். சுமார் ஆறடி உயரம், இரண்டே கை, வடக்கு நோக்கிய திருமுகம், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. நாலு கை, பாசம், அங்குசம் எல்லாம் சேர்வதற்கு முந்திய எளிய வடிவம் இது என்பதைக் கவனியுங்கள். அர்ச்சனை முடிந்து வெளியே வரும் அவசரத்தில் பலரும் தவறவிடுவது, குடைவரையில் உள்ள ஒரு தூணின் எழுத்தை. 'எக்காட்டூருக் கோன் பெருந்தசன்' என்று படித்திருக்கிறார்கள். பெருந்தச்சன்தான் பெருந்தசன் என்று நிற்கிறது என்பது பலரின் கருத்து. எழுத்தின் வடிவை வைத்து 5, 6-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சிற்பம் அதற்குப் பிந்தியது என்பாரும் உண்டு. எதுவாக இருந்தாலும், கட்டச் சொன்ன அரசனின் பெயர் இல்லாத இடத்தில் உளி பிடித்தவனின் பெயர் இருக்கிறது. ஆயிரம் வீடுகளைக் கட்டிய கொத்தனார், ஆசாரிகள் பெயரை அநேகமாக எங்கும் பார்க்க முடியாத இந்தச் சீமையில், எல்லாவற்றுக்கும் மூத்த கோயிலில் ஒரு தச்சனின் பெயர் இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

குன்றக்குடி பக்கத்திலேயே இருக்கிறது. மேலே சண்முகநாதர், கீழே பாண்டியர் காலக் குடைவரைகள், குன்றின் ஒரு பக்கத்தில் சமணர் தங்கிய குகைத்தளமும் தமிழ்ப் பிராமி எழுத்தும். ஒரே குன்றில் மூன்று காலம். மருது சகோதரர்கள் இந்த முருகனிடம் எவ்வளவு ஈடுபாடு வைத்திருந்தார்கள் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் கதையாகச் சொல்வார்கள். திருமயத்தில் 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை இருக்கிறது. அதைவிட மூத்தவை அதே பாறையின் அடியில் அருகருகே குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும். இரண்டு கோயிலாருக்கும் வருமானத்தில் வந்த வழக்கை 1245-இல் பஞ்சாயத்துப் பேசித் தீர்த்த செய்தி கல்வெட்டாகவே இருக்கிறது. பங்குத் தகராறு நம் ஊரில் எவ்வளவு பழையது பாருங்கள்.

சரி, நான் முதலில் சொன்ன ஏற்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் ஆறும் வருகிறது.

நகரத்தார் தங்களைக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். காவிரி கடலில் கலக்கும் துறைமுகம். சோழநாட்டை விட்டுப் பாண்டியநாட்டுக்கு வந்தபோது பாண்டிய மன்னன் இளையாற்றங்குடியைக் கொடுத்தான், அது கி.பி. 707 என்பது மரபு. இதற்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்டால் யாரும் காட்ட மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. ஊரையே கடலுக்குப் பறிகொடுத்த நினைவில்தான் வீடுகளை இவ்வளவு உயரமான மேடை மேல் கட்டுகிறோம் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வறண்ட பொட்டலில், ஐந்தாறு படி ஏறிப் போகும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இளையாற்றங்குடியிலிருந்து பிரிந்து ஒன்பது கோயில்கள் ஆயின: இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில் (வைரவன்பட்டி), இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இந்த ஒன்பதில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பொதுவாக அவர்களுக்குள் பெண் கொண்டு கொடுக்க மாட்டோம். இளையாற்றங்குடியிலும் மாற்றூரிலும் ஏழேழு உட்பிரிவு உண்டு. மாற்றூர்ப் பிரிவுகளில் ஒன்றின் பெயர் உறையூர். காவிரிக்கரையில் இருந்த சோழர் தலைநகரின் பெயர், ஆறில்லாத ஊரில் ஒரு குடும்பத்தின் அடையாளமாக இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிறது.

கல்யாணம் என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் இந்த ஏற்பாடு உயிரோடு இருப்பதைப் பார்க்கலாம். நாள் குறித்ததும் இரு வீட்டாரும் அவரவர் கோயிலுக்கு எழுதிக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் கோயிலிலிருந்து ஒரு மாலை, பெண்ணின் கோயிலிலிருந்து ஒரு மாலை வரும். பூமாலைதான், பெரிய விலை ஒன்றும் இல்லை. அது வந்தால்தான் கல்யாணம் கணக்கில் ஏறும். தாலி கட்டிய பிறகு அந்தத் தம்பதி மாப்பிள்ளையின் கோயிலில் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பிள்ளை கூட்டினாலும், அதாவது சுவீகாரம் எடுத்தாலும், கோயில் மாலை வர வேண்டும். அரசாங்கத்தில் பதிவு அலுவலகம் வருவதற்கு முன்பே ஒரு சமூகம் தன் குடும்பங்களை எண்ணி, பெயர் எழுதி, யார் யாருக்கு உறவு என்று கணக்கு வைத்திருந்தது. என் தம்பி மகன் கல்யாணம் சென்னையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலை ஐந்து மணிக்கு ஊரிலிருந்து வண்டியில் மாலைப் பெட்டி வந்து சேரும் வரை என் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மேளக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். மாலை வந்தது, ஈரத்துணியைப் பிரித்தோம், அப்புறம்தான் அண்ணன் உள்ளே வந்து காப்பி குடித்தார்.

ஆனால் அந்த ஒன்பது கோயில்களுக்குப் போய், "இதில் பழையது எது?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-இன் தொடக்கத்திலும் வெளிநாட்டு வணிகத்தில் பணம் வந்தபோது, எங்களவர்கள் பக்தியோடு திருப்பணி செய்தார்கள். பழைய கட்டுமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிய கருங்கல்லில் எழுப்பினார்கள். கல்தச்சர் வேலை முதல்தரமானது. இரணியூரின் சிற்பங்களையும் வைரவன்பட்டியின் தூண்களையும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனாலும் பிரித்த சுவர்களோடு கல்வெட்டுகளும் போயின. நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தில் வந்த பெரிய இழப்பு அது. இப்போது திருப்பணி செய்பவர்கள் ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியெடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வணிகக் குழுக்களின் பழமையைப் பார்க்க வேண்டுமானால் பிரான்மலைக்குப் போங்கள். பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது; சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம். அங்கே 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்காக உப்பு, நெல், பாக்கு, மிளகு என்று பொருள்வாரியாக, பொதிக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே மகமை போட்டுக்கொண்ட பட்டியல். மாற்றூர்க் கோயில் சுவாமியின் பெயர் ஐந்நூற்றீசுவரர் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைக்கும் மகமை எங்கள் ஐயா காலத்துக் கணக்குப் புத்தகங்களில் முதல் வரியாக இருக்கும்.

அந்த மகமையில் வளர்ந்தவைதாம் ஊர் ஊராக இருக்கும் நகர விடுதிகள். ஆற்றங்கரை நகரத்தில் எங்களுடைய பழைய நிறுவனம் எது என்று கேட்டால் நான் காசியைத்தான் சொல்வேன். கங்கைக்கரை நகரில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் விசுவநாதர் பூசைக்குப் பால், திருநீறு, சந்தனம், பூ எல்லாம் ஊர்வலமாகப் போகும். தூக்கிப் போகிறவர்கள் "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவதால் அதற்குச் சம்போ என்றே பெயர். நெரிசலான அந்தச் சந்துகளில் காசிக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் இரண்டு பழமைகள் கட்டடமே இல்லாதவை. ஒன்று, தைப்பூசத்துக்குப் பழனிக்குக் கால்நடையாகக் காவடி எடுத்துப் போவது. 400 ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. ஊர்களிலிருந்து வரும் காவடிகள் குன்றக்குடியில் கூடி அங்கிருந்து புறப்படும். திரும்பி வருவதும் நடைதான். இன்னொன்று பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு. மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் மாலையில், புது வேட்டியிலிருந்து உருவிய 21 இழையைத் திரியாகத் திரித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் செருகி ஏற்றுவோம். வீட்டுப் பெரியவர் அதைச் சுடரோடு எடுத்துத் தர, அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் பயந்து கண்ணை மூடிக்கொள்வேன். நாக்கில் ஒரு நொடி சூடு, பிறகு நெய்யும் வெல்லமும். கடலில் கப்பல் மாட்டிக்கொண்ட நாள்களை வேட்டி நூலை உருவி எண்ணியதன் நினைவு இது என்பார்கள். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் ஒரு மண்டபத்தில் கூடி இன்றைக்கும் இழை எடுத்துக்கொள்கிறார்கள்.

வீடுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டை எங்கே போனாலும் பார்க்கத்தான் வேண்டும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்ச்சாறு சேர்த்து இழைத்த சுவர்கள். கையால் தடவினால் இன்றும் கண்ணாடி போலக் குளிரும். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாமல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்ததும் அங்கே இருந்த சொத்தும் தொழிலும் போயின. இந்த வகை வீடு கட்டுவது அதோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதனால் மட்டும் வீடுகள் பிழைத்துவிடவில்லை. எங்கள் ஐயா வீட்டுக்குப் பதினாறு பங்கு. ஒரு பங்காளி ஓட்டை மாற்றலாம் என்றால் இன்னொருவர் விற்றுவிடலாம் என்பார். கடைசியில் நிலைக்கதவை நாலு பேர் பெயர்த்துக் கட்டைவண்டியில் ஏற்றியபோது நான் நின்று பார்த்தேன். கஜலட்சுமி செதுக்கிய மேல்நிலையைச் சாக்கால் சுற்றியிருந்தார்கள். கதவு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவரில் அதன் அளவுக்குச் சுண்ணாம்பு படாத வெற்றுச் செங்கல் தெரிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இப்படி வந்த கதவுகளையும் தூண்களையும் பீங்கான் பாத்திரங்களையும் பார்ப்பீர்கள். வாங்குவது உங்கள் விருப்பம். நான் அந்தத் தெருவில் வேகமாக நடந்துவிடுவேன்.

கல்வி, தமிழ் என்று பார்த்தால் நூறாண்டு தாண்டிய நிறுவனங்கள் சில உண்டு. மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை 1909-இல் தொடங்கியது. பண்டிதமணி கதிரேசன் செட்டியாரின் உழைப்பு அதில் பெரிது. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-இல் வந்தது. 1919-இல் பாரதி அங்கே வந்து சங்கத்தை வாழ்த்திப் பாடினார். கையில் கோலோடு இருக்கும் அவருடைய புகைப்படம் அந்தப் பயணத்தில் காரைக்குடியில் எடுத்ததுதான். சங்கத்தின் நூலகத்துக்குக் கட்டாயம் போங்கள். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் ஆண்டுதோறும் பங்குனியில் விழா எடுக்கிறது. நிறைவு நாள் நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி என்று வணங்கும் இடத்தில். அந்த மண்ணில் ஒரு துளி எடுத்துக் குழந்தையின் நாவில் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் திறந்தது என்பதிலேயே அந்தக் காலக் காரைக்குடி எப்படி இருந்தது என்பது தெரியும்.

அழகப்பச் செட்டியாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1947-இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாங்கள் சிக்ரி என்று சொல்வது அதைத்தான். 1957-இல், 47 வயதில் அவர் போய்விட்டார். தன் வீட்டைக்கூடக் கல்லூரிக்குக் கொடுத்த மனிதர். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் அவர் மறைந்த பிறகு சென்னைக்குப் போய் 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பாதுகாப்பாக இருக்கின்றன, அது போதும். இருந்தாலும் கோட்டையூரில் இல்லையே என்ற ஏக்கம் எனக்குப் போகவில்லை.

இரண்டு நாளில் எல்லாம் முடியாது. முதல் நாள் காலை குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி மூன்றும் பக்கம் பக்கம். மதியம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும். வெயில் தாழ்ந்ததும் இளையாற்றங்குடி. இரண்டாம் நாள் திருப்பத்தூர் வழி: 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கிருந்து திருக்கோஷ்டியூர் பக்கம். இராமானுசர் மந்திரத்தை எல்லாருக்கும் கேட்கச் சொன்னதாக வழங்கும் தலம். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பூலாங்குறிச்சிக்குப் போய்விடுங்கள். பாறையில் எழுத்து தேய்ந்திருக்கிறது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் ஒன்றும் பிடிபடாது; காலையில் சாய்வாக வெளிச்சம் விழும்போதுதான் கோடுகளுக்கு நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஏழு மணிக்குள் அங்கே இருப்பது போலக் கிளம்புங்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கையோடு கொண்டு போங்கள்.